முப்பத்துநாலு அங்குலப் பனி

ஸ்கேலும் வளைந்திருந்தது. அதுதான் ஜெயசீலனுக்குள் எங்கோ மாட்டிக்கொண்டு நகராமல் நின்றது. சர்வீஸ் ஆள் பையிலிருந்து ஓரடி இரும்பு ஸ்கேலை எடுத்து, மானிட்டரில் மேலிருந்து கீழாக ஓடிய வெள்ளைக் கோட்டின் மேல் ஒட்டினாற்போலப் பிடித்து, "பாருங்க சார், நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. பேனல்ல ஒரு குறையும் இல்ல" என்றபோது, கோடு நடுவில் லேசாக இடப்பக்கம் பிதுங்கியிருந்தது, அதோடு சேர்ந்து ஸ்கேலும் பிதுங்கியிருந்தது. "ஆமா, சரிதான்" என்று சொல்லி அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டான். அப்போது மணி ஒன்றரை. இப்போது இரண்டே கால். இந்த முக்கால் மணி நேரமாக அவன் ஸ்கேலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தான், தன்னைப் பற்றி நினைக்கவில்லை. திரையே உட்குழிந்த திரை, அதில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய ஸ்கேல் வளையாதா என்ன. ஆனால் திரை குழிந்திருப்பது இடமிருந்து வலமாக. ஸ்கேல் நின்றது மேலிருந்து கீழாக. இரும்புக்கு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று தெரியும், இருபது வருடமாக அவனுக்கும் தெரியும். சரி, பழைய ஸ்கேலாக இருக்கும், பையில் கிடந்து கோணியிருக்கும். அந்த ஆள் அதை ஊர் முழுக்க எடுத்துப்போய் எத்தனை வீட்டில் நேராக இருக்கிறது என்று சொல்லியிருப்பார், பாவம். இப்படி ஒரு முடிவுக்கு வந்ததும் சற்று ஆறுதலாக இருந்தது. ஆறுதல் கண்ணை மூட வைத்தது. மூடின கண்ணுக்குள் ஸ்கேல் மறுபடி வந்து நின்றது, வளைந்துதான்.

மே மாதத்து வெயில் திரைச்சீலையின் இடுக்கு வழியாக உள்ளே வந்து தரையில் நீளமாகக் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவன் காலை மடக்கி நாற்காலிக்கு மேல் வைத்துக்கொண்டான். ஒன்பது நாளாகத்தான் தெரிகிறது, ஒரு வீட்டுக்குள் எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று. ஜன்னல் கம்பி, கதவு நிலை, தரை ஓட்டின் இணைப்பு, அலமாரியில் புத்தகங்களின் முதுகு, சட்டையில் கட்டம். ஒன்றையும் நேருக்கு நேர் பார்க்காமல், எல்லாவற்றையும் ஓரத்தால் தடவிக்கொண்டு போகப் பழகியிருந்தான். மானிட்டரை மட்டும் பார்த்தான். மானிட்டரில் வளைந்தால் அது மானிட்டரின் குற்றம். அது வந்து நான்கு மாதம் ஆகிறது. முப்பத்துநாலு அங்குலம், மேசையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், இரண்டு கையையும் விரித்து யாரோ அணைக்க வருகிற மாதிரி. முதல் நாள் அதன் முன்னால் உட்கார்ந்தபோது ஒரு அறைக்குள் நுழைந்தது போலத்தான் இருந்தது. அதன் கறுப்பு கறுப்பாகவே இருந்தது, பழைய மானிட்டரின் சாம்பல் பூத்த கறுப்பு இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறபோது கழுத்தில் ஒரு குளிர்ச்சி ஏறுமே, அந்தக் கறுப்பு. அதற்காக அறையே மாறிப்போனது. மேசை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திரும்பியது, மனைவி எமல்டாவின் மணிபிளான்ட் ஹாலுக்குப் போனது, மின்விசிறி ஒரு எண் குறைந்தது, தூசுக்காக. தினமும் காலையில் மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடைப்பான். அணைத்தபிறகு அது சில நிமிடம் உள்ளுக்குள் எதையோ சரிபார்த்துக்கொள்ளும், அடியில் பச்சைப் புள்ளி மெதுவாக விட்டுவிட்டு எரியும். அது தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது என்று கையேட்டில் போட்டிருந்தது. தினமும் ஒரு தடவை தன்னைச் சோதித்துக்கொள்கிற ஒன்றின் மேல் அவன் ஒன்பது நாளாகப் பழி சொல்லிக்கொண்டிருந்தான்.

இல்லை, பழி இல்லை, புகார். புகார் கொடுப்பது வேறு. ஏதோ ஒரு கடல் தாண்டிய ஊரில் எழும்பப்போகிற கட்டடத்துக்கு, ஒவ்வொரு இரும்பு உத்திரத்திலும் எங்கே துளை போட வேண்டும், எந்தத் தகட்டை எங்கே பற்றவைக்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற வேலை அவனுடையது. காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் மூன்றரை வரைக்கும். அந்தக் கட்டடங்களில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. ஆனால் வேலை சூடு பிடிக்கும்போது, இந்த அகலத் திரையில், அவன் அவற்றின் உள்ளே நடப்பான். நாலாவது மாடித் தூணைச் சுற்றிக்கொண்டு போய், மாடிப்படி இன்னும் வராத பள்ளத்தை எட்டிப் பார்த்து, ஒரு போல்ட்டின் தலைக்குப் பக்கத்தில் மூச்சை நிறுத்தி நிற்பான். காற்று இல்லாத, சுவர் இல்லாத, ஆள் இல்லாத கட்டடம். அங்கே எல்லாம் சொன்ன இடத்தில் இருக்கும். அதில் ஒரு தகடு, கோடு வளைவதைக் கவனிப்பதற்கு முன்னால், போன வாரச் செவ்வாய்க்கிழமை, தூணை விட்டு விலகி இருப்பதுபோலத் தெரிந்தது. எண்ணைப் பார்த்தான், எண் சரியாகத்தான் இருந்தது. கண்ணைக் கேட்டான், கண் இல்லை என்றது. அவன் கண்ணை நம்பினான். இருபது வருடத்துக் கண். மென்பொருள் புள்ளியை ஏதோ தவறாகப் பிடித்திருக்கும் என்று தகட்டை மூன்று மில்லிமீட்டர் நகர்த்தி, எண்ணையும் மாற்றி, அனுப்பிவிட்டான். அந்த நினைப்பு வந்ததும் மனது வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போனது. கிரேனில் ஒரு உத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது, மேலே இரண்டு பேர் கையில் போல்ட்டோடு காத்திருந்தார்கள், துளையும் துளையும் சேரவில்லை, உத்திரம் காற்றில் மெதுவாகத் திரும்பியது, திரும்பித் திரும்பி, அவர்கள் இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான்.

ஹாலில் தாள் சரசரத்தது. எமல்டா காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். விடுமுறையில் இதுதான் அவளுக்கு வேலை. ஒரு இலையின் ஓரம் ரம்பப் பல்லா அலையா என்று அரைநாள் லென்ஸை வைத்துக்கொண்டு யோசிக்கிறவள். ஒன்பது நாளைக்கு முன்னால் அவளைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினான். "இந்தக் கோடு வளைஞ்சிருக்குல்ல?" அவள் குனிந்து பார்த்து, "எனக்கு நேராத்தான் தெரியுது" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். "உனக்கு இதெல்லாம் பார்த்துப் பழக்கம் இல்ல, அதான்" என்று அவன் சொன்னான். சொல்லும்போதே அது எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்துதான் சொன்னான். மூன்றாம் நாள் மறுபடி கூப்பிட்டான். அவள் அதிக நேரம் பார்த்தாள். திரையைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு திரையை. "ஆமாங்க. கொஞ்சம் வளைஞ்ச மாதிரிதான் இருக்கு." எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்கு. அந்த ஒரு வாக்கியத்தின் மேல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அவன் ஆறு நாள் ஓட்டியிருக்கிறான். இப்போது ஸ்கேல் வந்து அந்த வாக்கியத்தின் அடியில் நுழைகிறது. ஸ்கேல் நேர் என்றால் கோடு நேர். கோடு நேர் என்றால் எமல்டா. அதற்கு மேல் போக வேண்டாம். எமல்டா பொய் சொல்லத் தெரியாதவள். பொய் சொல்லத் தெரியாதவள் சொன்னதால் அது உண்மை. அப்படியென்றால் ஸ்கேல் கோணல். அந்த ஆளின் பையில் கிடந்து. மறுபடி முதலில் இருந்து.

அம்மா இப்படித்தான் ஒரு வருடம் ஓட்டினாள். சர்க்கரை அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது, அவள் யாரிடமும் சொல்லவில்லை. டி.வி. முன்னால் உட்கார்ந்து சரியான இடத்தில் சிரித்தாள். கோவிலில் ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னாள், மற்றவர்கள் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டதும் தானும் ஒரு பக்கம் திருப்பினாள். சமையலறைக்கு ஒன்பது அடி, குளியலறைக்குப் பதினான்கு என்று எண்ணி நடந்தாள். ஒரு நாள் அவன் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டான். அவள் டம்ளர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் காபியை ஊற்றினாள். மேசையில் காபி பரவுவதை அவள் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்து, அல்லது முகம் இருந்த பக்கமாகப் பார்த்து, "சூடு ஆறிடும், குடி" என்றாள். அன்றைக்கு அவன் எவ்வளவு கத்தினான். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று. அவள் துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள், காபி இல்லாத இடத்தை. "சொன்னா அது வந்துடும்ல" என்றாள். அவனுக்கு அப்போது அது புரியவில்லை, முட்டாள்தனம் என்று நினைத்தான். அவனுக்குச் சர்க்கரை இல்லை. போன கார்த்திகையில்தான் சோதித்துப் பார்த்தான். இல்லை. நாற்பத்து மூன்று வயது, சர்க்கரை இல்லை, அம்மாவின் மூக்கும் அம்மாவின் காதும் உண்டு, கண் அப்பாவுடையது என்று எல்லோரும் சொல்வார்கள்.

மூன்றே முக்காலுக்கு ஹெட்போனில் நாகூர்கனியின் குரல் வந்தது. "மாப்ளே, வந்துட்டேன்டா." பாலிடெக்னிக்கில் ஒரே வரைபலகையில் ஆளுக்கொரு பக்கம் படம் போட்டவர்கள். இப்போது அவன் குவைத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆத் தொழுகை முடிந்து அறைக்கு வந்ததும் இரண்டு பேரும் லாரி ஓட்டுவார்கள். அது ஒரு விளையாட்டு, சுடுவது கொல்லுவது எதுவும் கிடையாது. வடக்கே எங்கோ பனி தேசத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பனி பெய்துகொண்டே இருக்கும். பைன் மரங்கள் இரண்டு பக்கமும் தலை கவிழ்ந்து நிற்கும். இந்தத் திரை வந்த பிறகு அந்தப் பனிக்கு ஒரு சத்தம் வந்துவிட்டது போல அவனுக்குத் தோன்றும், சத்தமின்மையின் சத்தம். வெளியே காட்டூர் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்கும்போது முழங்காலில் குளிர் எடுக்கும். நாகூர்கனியின் சிவப்பு லாரி முன்னால் போனது. இவன் பின்னால். வைப்பர் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. கனி தன் அறையில் ஏ.சி. ரிப்பேர் என்றான், மகள் பத்தாவதில் எடுத்த மார்க்கைச் சொன்னான். சாலையின் ஓரத்து வெள்ளைக் கோடு பனிக்குள் மறைந்து மறைந்து வந்தது. நேரே பார்க்கிற இடத்தில் அது ஒரு தடவை வீங்கி, தோலுக்கு அடியில் நரம்பு புடைப்பதுபோல, பிறகு இறங்கிக்கொண்டது. அவன் எங்கே பார்த்தாலும் வீக்கம் அங்கே வந்து நின்றது. அவன் பார்வை நகர, அதுவும் நகர, செல்ல நாய் மாதிரி கூடவே ஓடி வந்தது.

"எங்கடா போறே? ரோட்டை விட்டு எறங்குறே பாரு."

"கோடு சரியாத் தெரியல. மானிட்டர்தான்."

"இன்னைக்கு ஆள் வந்தாரா?"

"வந்தார். நல்லாருக்குன்னு சொல்லிட்டார்."

"சரி, நில்லு. டீ வெச்சது பொங்குது, அணைச்சுட்டு வர்றேன்" என்றான் கனி. சிவப்பு லாரி ஓரமாக நின்றது. ஹெட்போனில் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம், செருப்புச் சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. ஜெயசீலனும் நிறுத்தினான். என்ஜின் மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற லாரியின் இரண்டு பின்விளக்குகளும் பனிக்குள் பழுத்த இரண்டு பழம்போல எரிந்தன. ஒன்றைப் பார்த்தால் அது சின்னதாகியது. மற்றதைப் பார்த்தால் அது. யாரும் இல்லை. ஹாலில் எமல்டா தாளைப் புரட்டுவது நின்றிருந்தது. இந்த அகலமான வெள்ளைத் தனிமையில் யாரும் பார்க்கவில்லை, சொல்லவும் வேண்டாம், சும்மா கை மூக்கைச் சொறியப் போவதுபோல மேலே போகிறது, அவ்வளவுதான், போகட்டும். அவன் கை இடது கண்ணைப் பொத்தியது. முதலில் நல்ல கண்ணால் பார்க்கிறோம் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது, அவனுக்குத்தான் தெரியவில்லை. சாலை ஓரத்துக் கோடு பனிக்குள் நேராக, கூராக, தொலைவு வரைக்கும் போனது. பின்விளக்குகள் இரண்டும் ஒரே அளவு. பைன் இலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. எத்தனை அருமையான திரை. ஒன்பது நாளாகப் பார்க்காத ஒருவரைப் பார்ப்பதுபோல அவன் அதைப் பார்த்தான். பிறகு கையை மாற்றினான். நடுவில் ஒரு சாம்பல் நிறக் காசு கிடந்தது. மங்கலாக, ஈரமான கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல. அதைச் சுற்றி பனி கொஞ்சம் மஞ்சளாகப் பெய்தது, கோடுகள் அதன் அருகில் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டன.

அலறவேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. ஒரு பெரிய களைப்பு வந்தது, நீண்ட நேரம் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தவன் கையை விட்டதுபோல. வந்துவிட்டது. சொல்லாமலே வந்துவிட்டது, அம்மா. பிறகு அந்தத் தகடு ஞாபகம் வந்தது, இந்த முறை மனது வழுக்கவில்லை. கிரேனில் உத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இருக்கியா மாப்ளே?"

"இருக்கேன். என் கண்ணுலதான்டா கோளாறு. இடது கண்ணு."

டீ உறிஞ்சுகிற சத்தம் பாதியில் நின்றது. "எத்தனை நாளா?"

"ஒம்பது நாள். மானிட்டர்னு நெனச்சேன்." பிறகு, "நெனச்சுக்கிட்டேன்" என்று திருத்தினான்.

"எமல்டாட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"போய்ச் சொல்லு. வண்டி இங்கயே நிக்கட்டும். நானும் நிக்கிறேன்."

"நீ எதுக்கு நிக்கிறே? நீ போ."

"எனக்கு மட்டும் அங்க என்ன வேலை வெச்சிருக்கு. நிக்கிறேன் போடா."

அவன் லாரியின் என்ஜினை அணைத்தான். பனி கண்ணாடியில் விழுந்து தங்கத் தொடங்கியது. எழுந்திருப்பதற்கு முன்னால், வலது கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, சென்னை அலுவலகத்தில் இருக்கும் அவனுடைய குழுத்தலைவி வசுமதிக்கு எழுதினான். போன வாரம் செவ்வாய்க்கிழமை அனுப்பிய நாலாம் மாடி வரைபடத்தை நிறுத்தி வைக்கவும், ஒரு தகட்டை நான் தவறாக மூன்று மில்லிமீட்டர் நகர்த்திவிட்டேன், முதலில் இருந்த எண்தான் சரி, எனக்குப் பார்வையில் ஒரு பிரச்சினை, அன்றிலிருந்து நான் அனுப்பிய மற்றவற்றையும் யாராவது ஒருவர் பார்த்துவிடவும். "பார்வையில்" என்ற சொல்லில் விரல் நின்றது. காய்ச்சல் என்று எழுதலாம். அவசரம் என்று எழுதலாம். அழிக்காமல் அனுப்பினான். இருபது வருடத்து நம்பிக்கை ஒரு சின்ன 'விஷ்' சத்தத்தோடு போய்ச் சேர்ந்தது. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. வரைபடம் இன்னும் பட்டறைக்குப் போகவில்லை, நிறுத்திவிட்டேன், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், முதலில் டாக்டரைப் பாருங்கள். மேலே காத்திருந்த இரண்டு பேரும் போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

எமல்டா பசை தடவிய தாளின் மேல் ஒரு பூண்டை வைத்து, அதன் வேரை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் வந்து நின்றதும் நிமிர்ந்தாள். அவன் சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"வளைஞ்சு தெரியுதுன்னு ஏன் சொன்னே?"

அவள் விரலை வேரிலிருந்து எடுக்கவில்லை. "நீங்க கேட்டுக்கிட்டு நின்ன மொகத்தைப் பார்த்தேன். அதுக்கு மேல நேரா இருக்குன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"கோடு நேரா இருந்துச்சு. நீங்க வளைஞ்சிருக்குன்னு சொன்னீங்க. வேற என்னவா இருக்கும்." அவள் குரல் சற்று இறங்கியது. "அந்த ஆள் வந்து சொன்னா நீங்களே கேப்பீங்கன்னு இருந்தேன். நான் தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்கே கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்."

"இடது கண்ணு" என்றான். "நடுவுல ஒரு காசு மாதிரி."

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். தில்லைநகரில் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். ஐந்தரைக்கு வரச் சொன்னார்கள். சேலையை மாற்றவில்லை. ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள், அவன் கை நீட்டியபோது கொடுக்கவில்லை.

பத்தொன்பது வருடத்தில் அவள் ஓட்ட அவன் பின்னால் உட்கார்வது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் தொடையில் வைத்தான், பால்பண்ணை ரவுண்டானாவில் வண்டி சாய்ந்தபோது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அவள் முதுகுக்குப் பின்னால் உலகம் வேறு உயரத்தில் இருந்தது. தஞ்சாவூர் பஸ் ஒன்று அலையடித்துக்கொண்டு கடந்தது. விளம்பரப் பலகைகளில் எழுத்துகள் நடுவில் மூச்சை இழுத்து விட்டன. விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றும், இந்த வயதில் தூக்கம் கெட்டு, மனதைப் போட்டு உழப்பிக்கொள்கிறவர்களுக்கு வருவதுதான் என்றும், பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானே வற்றிவிடும், வற்றாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் டாக்டர் சொல்லப்போவதும், ஆவணி பிறப்பதற்குள் அது கிட்டத்தட்ட வற்றியே போய்விடப்போவதும் அவனுக்கு அப்போது தெரியாது. அதெல்லாம் ஆறு மணிக்கும் அதற்கு அப்பாலும். இப்போது மணி ஐந்து, காந்தி மார்க்கெட் நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது, வெங்காயச் சருகு காற்றில் பறந்தது. பயம் போகவில்லை, ஆனால் அது இப்போது இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது, அவனுக்குள் இல்லை.

"அந்தச் சிக்னல் கம்பி நேரா இருக்கா?" என்று அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்டான்.

"நேரா இருக்கு."

"அந்தக் கடை ஷட்டர்?"

"நேர்."

"எனக்காகச் சொல்லாதே."

"சொல்லமாட்டேன்."

கொஞ்ச தூரம் போனதும் ஒரு மின்கம்பம் வந்தது. நடுவில் ஒடிந்ததுபோல, சாலையின் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அவன் வழக்கம்போலப் பார்வையை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

"அது?"

எமல்டா வண்டியை மெதுவாக்கி, நன்றாக அண்ணாந்து, இலையின் ஓரத்தைப் பார்க்கிற மாதிரியே நிதானமாகப் பார்த்தாள்.

"அது நெஜமாவே வளைஞ்சுதான் இருக்குங்க" என்றாள். "எதோ லாரி இடிச்சிருக்கு."